பூ என்ட்ரி

உக்காருங்க அம்மிணி. அந்த ஸ்டூல்ல வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. மெசேஜ் விசயமாத்தான வந்திருக்கறீங்க? போனைக் கையில புடிச்சுக்கிட்டு நீங்க படியேறும்போதே தெரிஞ்சுது. இந்த வருசம் அப்படிப் படியேறி வந்தவங்க எத்தனையோ பேருங்க. எல்லாருகிட்டயும் பேச்சு வாங்கியாச்சு, உங்ககிட்டயும் வாங்கிக்கறேன். எந்த ஊருங்க? உடுமலையா? உடுமலையில இருந்தா இதுக்குன்னு ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் ஏறி வந்தீங்க? சரி, மொதல்ல தண்ணி குடிங்க. அந்த மெசேஜ் இனிமே வராது. ஆடி கடைசியோட நிறுத்தியாச்சு. நாந்தான் நிறுத்துனேன்.

இல்லைங்க, நான் சொல்லி முடிச்சர்றேன். நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்பறம் திட்டுங்க. எம்பேரு சுலோச்சனா. இந்தக் கடைக்குக் கணக்கு நாந்தான். மோட்டாரு, பைப்பு, சொட்டுநீர்ச் சாமான், இதுதான் இங்க யாவாரம். முதலாளி பேரு நாச்சிமுத்து. நெம்ப நல்ல மனுசன். வாயைத் தொறந்து பேசமாட்டாரு, அது ஒண்ணுதான் கொறை. பேசறதெல்லாம் அவரு சம்சாரம் ராஜாமணி அம்மா பேசிருவாங்க. அவங்க முந்துன வருசம் ஐப்பசியில தவறிட்டாங்க. அதுக்கப்பறம் இந்தக் கடையில பேச்சுன்னா அது நானும் சாமான் வாங்க வர்ற பார்ட்டிகளும் போடற சத்தந்தான்.

எல்லாம் நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு. பழைய சாஃப்ட்வேர் ஒண்ணு இருந்துச்சுங்க. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன். முதலாளி பையன் தினகரன் தம்பி கோயமுத்தூர்ல இருக்குது. அது வந்து ஒரு நா சொல்லுச்சு, அக்கா, இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசுக்கு மாறிக்கலாம், எல்லாத்தையும் செல்போன்லயே பாக்கலாம்னு. பழைய கணக்கையெல்லாம் என்ன பண்றது தம்பீன்னு கேட்டேன். இம்போர்ட்னு ஒரு பட்டன் இருக்குது, அமுக்குனா அங்க இருக்கறது இங்க வந்துரும்னுச்சு. ஒரு பட்டனு. அதைத்தான் நான் மார்ச்சு முடிஞ்சதுல இருந்து அமுக்கிக்கிட்டு இருந்தேன். என் கண்ணாடி பவரு ஏறுனது அதுலதான்.

மொதல் தடவை அமுக்குனப்போ தேதி பூராவும் திரும்பிக்கிச்சு. நாம தேதியை முன்னாடி போட்டு மாசத்தைப் பின்னாடி போடுவோம். அது மாசத்தை முன்னாடி வெச்சுப் படிச்சிருக்குது. ஜூன் மூணாந்தேதி வித்த மோட்டாரு மார்ச்சு ஆறாந்தேதியில போய் நிக்குது. பன்னண்டாந்தேதிக்கு மேல இருக்கறதுக்கெல்லாம், பதிமூணாவது மாசம் எங்க இருக்குதுன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிருச்சு. அதையெல்லாம் எக்செல்ல போட்டு, தேதியைத் திருப்பி, மறுக்கா அமுக்குனேன். சுத்திக்கிட்டே நின்னுச்சு. நின்னு போச்சாட்டம் இருக்குதுன்னு இன்னொருக்கா அமுக்கிட்டேன். ரெண்டையும் ஏத்திக்கிச்சு. கள்ளிமந்தயத்துக்காரரு ஒரு மோட்டாரு வாங்குனாரு, கணக்குல ரெண்டு நிக்குது. அதுக்கு மேல, கடன்னு எழுதுன பத்து வரவாகி, வரவு பத்தாகி, நமக்குத் தர வேண்டியவனுக்கெல்லாம் நாம தர வேண்டியதாக் காட்டுச்சு. அந்த மனுசங்க மட்டும் ஒருத்தரும் சண்டைக்கு வரலைங்க.

சாஃப்ட்வேர் கம்பெனியில ஷபீருன்னு ஒரு தம்பி. போன் போட்டா எடுக்கும், அதைச் சொல்லோணும். அது கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு இங்க என் மவுஸை ஓட்டும். அம்பு தானா நகர்றதைப் பாத்துக்கிட்டு நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். என் வேலையை இன்னொருத்தன் என் கண்ணு முன்னால பண்றதைப் பாக்கறது ஒரு மாதிரி இருக்குமுங்க. வேலை போறதை வேடிக்கை பாக்கற மாதிரி.

அப்பறந்தான் இந்த நம்பர் பிரச்சனை. உங்களை இங்க இழுத்துட்டு வந்தது அதுதான். புது சாஃப்ட்வேர் ஒவ்வொரு பார்ட்டிக்கும் செல் நம்பர் கேக்குது. நம்பர் இல்லாட்டி அந்தப் பார்ட்டியை உள்ள விடமாட்டேங்குது. அவன் பேர்ல இருக்கற என்ட்ரியெல்லாம் சஸ்பென்ஸ்ல போய் விழுகுது. சஸ்பென்ஸ்னா மர்மமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எங்க வெக்கறதுன்னு தெரியாததைத் தூக்கிப் போட்டு வெக்கற மூலை. எல்லார் ஊட்டுலயும் அப்படி ஒரு மூலை இருக்குமில்ல, அது மாதிரி. ஷபீர்கிட்ட கேட்டேன், ஏந்தம்பி, நம்பர் இல்லாதவன் மனுசன் இல்லையான்னு. ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு விடுங்க அக்கா, உள்ள வந்தாப் போதும்னுச்சு. எல்லாக் கடையிலயும் அப்படித்தான் பண்றாங்களாம்.

போட்டேன். இடையகோட்டைப் பார்ட்டிக அத்தனை பேருக்கும் அந்த ஊரு டீக்கடை நம்பரைப் போட்டேன். ஒரு ஆளுக்கு அவரு மச்சான் நம்பரு. இன்னொருத்தருக்கு எங்க தெருக் கேபிள்காரன் நம்பரு. என்ட்ரி போடப்போட அந்த நம்பருக்கெல்லாம் வாட்ஸப்புல மெசேஜ் போகும்னு எனக்கென்னங்க தெரியும்? அது தானா அனுப்புதாம். கடை நம்பருங்கறது முதலாளி கையில இருக்கற போனுதான், அதுல இருந்துதான் போகும். டீக்கடைக்காரரு ஊர்ப் பாக்கியை எல்லாம் பெஞ்சில உக்காந்து சத்தமாப் படிச்சிருக்கறாரு. அதுல ரெண்டு ஊட்டுல சண்டை. என்னை வந்து வஞ்சாங்க.

உங்க நம்பரும் அப்படி எங்கயாச்சும் சிக்கியிருக்கும். இருங்க, நான் சொல்லி முடிச்சர்றேன். இதை ஒருத்தர்கிட்டயும் முழுசாச் சொன்னதில்லை.

இந்த ராஜாமணி அம்மா இருந்தாங்கன்னு சொன்னனில்ல. இந்தக் கடையில ஒரு வழக்கம். ஊட்டம்மாவுக்குன்னு தனியா ஒரு கணக்கு உண்டு. ஊட்டுக்குப் போற பல்பு, பைப்பு, வெள்ளிக்கிழமை வாங்கற பூ, எதுவா இருந்தாலும் அவங்க பேர்ல கடனாப் பத்து எழுதோணும். வருசக் கடைசியில முதலாளி அதைத் தன் பேருக்கு மாத்திக்குவாரு. அந்தம்மா சிரிப்பாங்க, நான் வாங்குறேன், இவரு கட்டறாரு, நடுவுல சுலோச்சனாவுக்கு எழுதற வேலைன்னு. அவங்க போனதுக்கப்பறமும் முதலாளி அந்தக் கணக்கை முடிக்கச் சொல்லலை. அதோ மேல இருக்குது பாருங்க படம், அதுக்கு வெள்ளிக்கிழமை பூ வரும். அந்தப் பூவையும் அவங்க பேர்லயே எழுதிக்கிட்டு இருந்தோம். தன் படத்துக்குப் போடற பூவுக்குத் தானே கடன்காரி. கணக்குப் படிச்சவன் பாத்தாச் சிரிப்பான்.

அந்தக் கணக்குக்கும் நம்பர் கேட்டுச்சுங்க. செத்தவங்களுக்கு எங்க போறது நம்பருக்கு? அவங்க பழைய நம்பரையே போட்டேன். அது எனக்கு மனப்பாடம். அவங்க இருந்தப்போ தெனமும் மத்தியானம் முதலாளிக்குச் சாப்பாட்டுக் கூடை கெளம்பிருச்சான்னு போன் போட்டுக் கேக்கறது நாந்தான். செத்த நம்பரு, எங்கயும் போகாது, யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். போட்டதுல அது ஒண்ணுதான் நிம்மதியாப் போட்ட நம்பரு.

இனி எனக்கு இருக்கற வெசனத்தைச் சொல்றேன். இத்தனை வருசத்துல முதலாளி என்னை ஒரு என்ட்ரி கேட்டதில்லைங்க. லட்ச ரூவா சரக்கு வந்து எறங்கும், எழுதிட்டயான்னு கேக்கமாட்டாரு. அப்பேர்ப்பட்டவரு, புதுசு வந்ததுக்கப்பறம் வாரா வாரம் வெள்ளிக்கிழமை என் மேசைக்கு முன்னால வந்து நிப்பாரு. "பூ என்ட்ரி போட்டாச்சா?"ம்பாரு. அம்பது ரூவாப் பூவுங்க. போட்டுட்டேனுங்கன்னு சொன்னா, போனை எடுத்துப் பாத்துக்கிட்டே நிப்பாரு. கொஞ்ச நேரங்கழிச்சு பின்னாடி குடோனுக்குப் போய், பைப்பு அடுக்கி வெச்சிருக்கற சந்துல நின்னு யாருகிட்டயோ பேசுவாரு. இந்த மனுசன், பேசுவாரு. மெதுவா, நெம்ப நேரம். ஒரு நாள் சிரிச்ச சத்தங்கூடக் கேட்டுச்சு. திரும்பி வந்து எம்முகத்தைப் பாத்து ஏதோ சொல்ல வந்து சொல்லாமப் போயிருவாரு.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன நெனைக்கறது? எம்மேல நம்பிக்கை போயிருச்சுன்னு நெனச்சேன். ஷபீர்கிட்டயோ வேற ஏதோ ஏஜென்ட்டுகிட்டயோ எனக்குப் பதிலா ஆள் கேக்கறாருன்னு நெனச்சேன். சொல்ல வாய் வராமத்தான் எம்முன்னால வந்து வந்து நிக்கறாருன்னு. அம்பது ரூவாப் பூவுலயா நான் கை வெக்கப் போறேன்? ஊட்டுக்குப் போயி அழுதிருக்கறேனுங்க. எனக்கும் பேச ஆள் இல்லை. தனியாள்தான்.

கடைசியில பாத்தா எல்லாம் சரியாகி ஒரே ஒரு வித்தியாசம் நின்னுச்சு. பழசுல ஒரு கூட்டு, புதுசுல ஒரு கூட்டு. எண்ணிப் பாக்காத இடம் இல்லை. ஷபீரும் மண்டையை ஒடச்சுக்கிச்சு. ஒரு நாள் அதுதான் கண்டுபுடிச்சுச்சு. அக்கா, இந்த ராஜாமணி அம்மா கணக்கு முதலாளி சொந்தச் செலவுல வர வேண்டியது, பார்ட்டி கணக்குல வந்து உக்காந்திருக்குது, இந்தப் பூதான் வித்தியாசம்னுச்சு. தினகரன் தம்பிகிட்ட கேட்டேன். அம்மா பேர்ல இன்னும் எதுக்குக்கா கணக்கு, முடிச்சு விட்டுருங்க, நம்பர் தப்பா இருக்கறதையெல்லாம் எடுத்து விட்டுருங்கன்னுச்சு. முடிச்சேன். அத்தனை நம்பரையும் தொடைச்சேன். பூவைச் சில்லறைச் செலவுல தள்ளுனேன். வித்தியாசம் சைபர். மார்ச்சுல இருந்து அந்த ஒரு சைபருக்காக உக்காந்திருந்தேன். ஸ்கிரீனைத் தொட்டுப் பாத்தேனுங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி வந்து நின்னாரு. கையில பூப்பொட்டலம். பூ என்ட்ரி போட்டாச்சான்னாரு. எனக்கு ஒரு வீம்பு. "வித்தியாசம் இல்லாமப் பண்ணிட்டேனுங்க முதலாளி. அம்மா கணக்கை முடிச்சாச்சுங்க"ன்னேன்.

"முடிச்சாச்சா?"

"ஆமாங்க. இனி சந்தேகமே வேண்டாம்."

பொட்டலத்தைக் கையில வெச்சுக்கிட்டே நின்னாரு. "மெசேஜும் போகாதா?"ன்னாரு.

"போகாதுங்க. யாருக்கும் தொந்தரவு இல்லை."

"சரியாப் போச்சு"ன்னுட்டு, போய்ப் படத்துக்குப் பூவைப் போட்டாரு. அன்னைக்கு ஊட்டுக்குப் போனவருதாங்க. கடைக்கு வர்றதில்லை. சுகரு ஏறியிருக்குமுன்னு தினகரன் தம்பி சொல்லுது. மாத்தரை வாங்கிக் குடுத்து விட்டேன். அத்தனை மாசம் கஷ்டப்பட்டு நேர் பண்ணிக் குடுத்தவளை, நல்லாப் பண்ணுன சுலோச்சனான்னு ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் எனக்கு ஆறலை.

சரி, எங்கதை போதும். உங்க போனைக் குடுங்க, எந்தப் பார்ட்டிக்குப் போட்ட நம்பருன்னு பாத்துச் சொல்லிர்றேன். கண்ணாடி எங்க வெச்சேன். ஆங். "மதிப்புக்குரிய ராஜாமணி அம்மா அவர்களுக்கு, தங்கள் கணக்கில் பூ வகையில் ரூபாய் ஐம்பது பற்று வைக்கப்பட்டுள்ளது. தங்கள் ஆதரவுக்கு நன்றி."

இது எப்படிங்க உங்களுக்கு வந்துச்சு?

புது சிம்மா? தை மாசம் உடுமலையில வாங்குனதா? அப்படின்னா அந்த நம்பரை மறுபடியும் வித்துட்டாங்களா? ஆளு போனா நம்பரும் போயிருமுன்னு நெனச்சனேங்க.

மன்னிச்சுக்கங்க அம்மிணி. செத்தவங்க பேர்ல வாரா வாரம் மெசேஜ் வந்தா யாருக்குத்தான் கோவம் வராது. என்ன? நிறுத்தச் சொல்லி வரலையா? ஏன் நின்னு போச்சுன்னு கேக்கவா வந்தீங்க?

சித்தெ நில்லுங்க. நீங்க சொல்றதை நான் ஒருக்காத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. கணக்குக்காரி புத்தி, திருப்பிச் சொன்னாத்தான் மண்டையில ஏறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெசேஜ் வரும். நீங்க தெறந்து படிப்பீங்க. சரி. படிச்ச கொஞ்ச நேரத்துல ஒரு பெரியவரு கூப்பிடுவாரு. உங்களுக்குத் தப்பா மெசேஜ் வந்திருச்சு, மன்னிச்சுக்கோணும்பாரு. சரி. மொத வாரம் பரவால்லைங்கய்யான்னு வெச்சுட்டீங்க. அடுத்த வாரமும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு. அதுக்கடுத்த வாரமும். நீங்க சும்மா ஒரு பேச்சுக்கு, இன்னைக்கு என்ன பூவுங்கய்யான்னு கேட்டீங்க. சரி.

அதுக்கப்பறம் பேசிக்கிட்டே இருந்தாரா? எங்க முதலாளியா? என்ன பேசுவாரு? மல்லி வெலை ஏறிப்போச்சுன்னு. மழை வந்துச்சான்னு. உங்க டிபன் கடை மோட்டாரு தண்ணி ஏத்தலைன்னு சொன்னதுக்கு, என்ன பண்ணோணும்னு போன்லயே சொல்லிக் குடுத்தாரா. அது சரி, மோட்டாரு அவருக்குத் தெரியும். அந்தம்மா சமைக்கற சுண்டைக்காக் கொழம்பைப் பத்திச் சொன்னாரா? எங்ககிட்ட அவங்க பேரையே எடுத்ததில்லைங்க. ஒரு தடவை எடுத்ததில்லை.

பைப்பு சந்துல பேசுனது உங்ககிட்டயா.

கடைசியா எப்பக் கூப்பிட்டாரு? ஆடி கடைசி வெள்ளி. மெசேஜ் வராமயே கூப்பிட்டாரா. "கணக்கை முடிச்சுட்டாங்கம்மா, இனி உனக்குத் தொந்தரவு இருக்காது"ன்னாரா. அதுக்கப்பறம் நீங்க கூப்பிட்டா எடுக்கறதில்லை. எடுக்கமாட்டாருங்க. எனக்குத் தெரியும் அவரை. மெசேஜ் போனாத்தான் அவரு கூப்பிடறதுக்கு ஒரு நாயம் இருக்குது, மன்னிப்புக் கேக்கோணும்னு. அது இல்லாம, ஊர் பேர் தெரியாத பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குப் போன் பண்றேன்னு அவரே அவரைக் கேட்டுக்குவாரு. அதான் நீங்க மெசேஜுக்கு மேல இருந்த கடைப் பேரையும் ஊரையும் பாத்து, ஆளு நல்லா இருக்கறாரான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்க. வெள்ளிக்கிழமை ஆனா உங்களுக்கும் மனசு கேக்கலை. சரிங்க. எல்லாம் சரியா இருக்குது.

இன்னும் ஒண்ணு சொன்னாரா? என்னைப் பத்தியா?

மறுக்காச் சொல்லுங்க. "எங்க கடையில கணக்கு எழுதற புள்ளை ஒண்ணு இருக்குது. அதுதான் அந்த நம்பரை மறக்காம எனக்காகப் போட்டிருக்குது. நன்றி சொல்லோணும்னு போறேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அதுக்குத்தான் எம்மேசை முன்னால வந்து வந்து நின்னாரா.

ஒண்ணும் இல்லைங்க, கண்ணாடி பவரு. இந்த ஸ்கிரீனைப் பாத்தாத் தண்ணி வரும். நான் யாருக்காகவும் போடலை அம்மிணி. கட்டத்தை ரொப்போணும்னு போட்டேன். உங்ககிட்டச் சொல்லிட்டேன், அவருகிட்டச் சொல்லிராதீங்க.

ஊட்டுக்கு வழி சொல்லட்டுங்களா? பக்கந்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. வேண்டாமா? ஆமா, நீங்க சொல்றதும் சரிதான். நேர்ல போய் நின்னா கூசிப் போயிருவாரு. மனுசன் கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவாரு.

இன்னைக்கு என்ன கெழமை? வெள்ளிதான. பூக்காரம்மா வந்துட்டுப் போயாச்சு, அதோ பொட்டலம் மேசையில கெடக்குது. பிரிச்சுப் பாருங்க. முல்லையா? நல்லா வாசம்.

இருங்க, இந்த மவுஸு வேற. முடிச்ச கணக்கைத் தெறக்க முடியுமான்னு ஷபீர்கிட்டக் கேக்கோணும்னு நெனச்சேன், வேண்டாம், எனக்கே தெரியும், எத்தனை மாசம் அதோட மல்லுக்கட்டியிருக்கறேன். சில்லறைச் செலவுல தள்ளுன பூவையெல்லாம் திருப்பி எடுக்கறேன். கணக்கைத் தெறக்கறேன். இதோ கேக்குது பாருங்க, வித்தியாசம் வருது, தொடரலாமான்னு. தொடரலாம். தினகரன் தம்பி கேட்டா, நான் சொல்லிக்கறேன். அந்த சைபரை நானே வெச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்தியாசம் சஸ்பென்ஸ்ல கெடக்கட்டும்.

இப்ப செல் நம்பர் கேக்குது. நீங்க சொல்ல வேண்டாம் அம்மிணி. அது எனக்கு மனப்பாடம்.

பூ, அம்பது ரூவா. பத்து. சேவ் பண்ணியாச்சு.

பையில சத்தம் கேக்குதுங்களா? எடுத்து உடனே படிங்க. ஊட்டுல அவரு கையில இருக்கற போன்ல ரெண்டு டிக்கு நீலமாகோணும். நீங்க படிச்சாத்தான் அவரு கூப்பிட்டு மன்னிப்புக் கேக்க முடியும்.